499 ரூபா கிராட்டிட்யூட் டைரி: குடிய விட்ட ஒரு பைண்டிங்காரன் ஒம்பது மாசம் எழுதிப் பாத்துட்டு சொல்றது

மொதல்லயே சொல்லிர்றேன், நான் சிவகாசில ஒரு ஆஃப்செட் பிரஸ்ல பைண்டிங் செக்‌ஷன் பாக்குற ஆளு. பதினேழு வருஷமா டைரியும் காலண்டரும்தான் எனக்கு சோறு போடுது, அதனால ஒரு டைரி கைக்கு வந்தா உள்ள என்ன இருக்குன்னு படிக்க மாட்டேன், முதுக மடக்கிப் பாப்பேன். அடுத்தது, நான் ஒரு குடிநோயாளி. இன்னையோட 136 நாளாச்சு. இந்த ரெண்டு தகுதியும் ஒண்ணா இருக்கவன் இதுக்கு ரிவ்யூ எழுதலன்னா வேற எவன் எழுதுவான்.

மார்ச்ல மதுரைல ஒரு குடி மீட்பு சென்டர்ல இருந்து வீட்டுக்கு வந்தேன். வந்த ரெண்டாவது வாரம் பெங்களூர்ல இருக்க தங்கச்சி இந்த டைரிய ஆன்லைன்ல ஆர்டர் போட்டு அனுப்பிட்டா, "அண்ணே தினமும் மூணு விஷயம் எழுதுண்ணே, எதுக்கெல்லாம் நன்றி சொல்லலாம்னு, மனசு மாறும்ண்ணே"ன்னு போன் வேற. பிரஸ்ல பார்சல பிரிச்சதும் பசங்க விழுந்து விழுந்து சிரிச்சானுங்க, திருநெல்வேலிக்கே அல்வாவாண்ணேன்னு. எந்த கம்பெனின்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். இதே மாதிரி இருபது வருது, எல்லாம் ஒரே அச்சு.

பேப்பர் நல்ல பேப்பர், அத ஒத்துக்கணும். தொட்டா 100 ஜிஎஸ்எம் (தாளோட கனம்) மாதிரி இருக்கு, நேச்சுரல் ஷேடு, ஜெல் பேனா அழுத்தி எழுதுனாலும் பின்பக்கம் இறங்கல. சாட்டின் ரிப்பன் ஒண்ணு வச்சிருக்கான், நுனிய லேசா சுட்டு விட்டுருக்கான், பிரியல, அதுவும் சரி. அட்டைல தங்க ஃபாயில்ல ஒரு இல படம், எங்க ஊரு வெயிலுக்கும் கை வேர்வைக்கும் ஏப்ரல் கடைசிலயே உதிர ஆரம்பிச்சு விரல்லாம் மினுமினுன்னு. பைண்டிங்தான் அநியாயம். ஃபாரத்த, அதாவது மடிச்ச தாள் கட்ட, தைக்கல, முதுக சீவி பசைய ஓட்டி ஒட்டிருக்கான், அதத்தான் பர்ஃபெக்ட் பைண்டிங்ன்னு சொல்றது, பேர்ல மட்டும்தான் பர்ஃபெக்ட். நாளுக்கு ஒரு பக்கம், வருஷம் பூரா தினம் விரிச்சு வச்சு அழுத்தி எழுதுற பொருள், அத செக்‌ஷன் தையல் போட்டுத்தான் கெட்டி அட்டை கேஸ் ஏத்தணும், இது தெரியாம இல்ல, காசு மிச்சம் பண்ணிருக்கான். ஜூன்ல ஒரு நாள் விரிச்சேன், மே மாசம் அப்படியே கையோட வந்துருச்சு.

இதெல்லாம் கூட போகட்டும். சனிக்கிழமை பக்கம் ஒவ்வொண்ணுலயும் கீழ் ஓரத்துல ஒரு ஒயின் கிளாஸ் படம் போட்டு, உங்கள நீங்களே கொண்டாடுங்கன்னு இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்கான். யாருக்கோ அது சும்மா ஒரு படம். சென்டர்ல இருந்து வந்து ஒரு மாசம் கூட ஆகாதவனுக்கு, சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வந்து உக்காருறவனுக்கு, அது படம் இல்ல. எண்ணிப் பாத்தேன், வருஷத்துக்கு 52 கிளாஸ். எங்ககிட்ட தான் பழைய தினசரி காலண்டர் தாள் மலையா கெடக்கே, ஒரு ஞாயித்துக்கிழம உக்காந்து பாப்பாவும் நானும் தாள கத்தரிச்சு 52 இடத்துலயும் ஒட்டுனோம். இப்ப ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த ஓரத்துல ராகு காலம் எமகண்டம் நல்ல நேரம்னு இருக்கும். அந்த டைரில எனக்குப் புடிச்ச வேல அது ஒண்ணுதான், அதுவும் நாங்க பண்ணது.

சரி எழுதுனதுக்கு வருவோம். பக்கத்துல மூணு கோடு, 1, 2, 3. கீழ அஞ்சு மூஞ்சி, இன்னைக்கு உங்க மூடு எதுன்னு வட்டம் போடணும். எட்டு டம்ளர் தண்ணி குடிச்சமான்னு டிக் வேற. மொத நாள் எழுதுனேன்: என் மனைவி, என் மக, உயிரோட இருக்கறது. ரெண்டாவது நாளும் அதான். பத்தாவது நாளும் அதான், வரிசை மட்டும் மாத்தி மாத்தி. மனசுக்குள்ள ஒண்ணும் அசையல, ரப்பர் ஸ்டாம்ப் அடிக்கிற மாதிரி அடிச்சிட்டு மூடிட்டுப் படுத்துருவேன்.

ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடிய விட நெனைக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா கூடுறது) மீட்டிங்ல எனக்கு ஒரு ஸ்பான்சர், அதாவது வழிகாட்டுற மூத்த ஆளு, அண்ணாச்சின்னு கூப்புடுவேன், மளிகைக் கடை வச்சிருக்காரு, அவரு குடிய விட்டு பல வருஷம் ஆச்சு. அவருகிட்ட டைரிய கொண்டு போய் காமிச்சேன். கண்ணாடிய மாட்டி நாலு பக்கம் பொரட்டிட்டு, "என்ன தம்பி, ரேஷன் கார்டுல பேர் எழுதுன மாதிரி இருக்கு"ன்னாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. அவரு அதக் கண்டுக்காம, "நேத்து நீ குடிச்சிருந்தா எது உன் கண்ணுல பட்டுருக்காதோ அத மட்டும் எழுது. ஒண்ணு போதும். இல்லாத அன்னைக்கு இல்லன்னு எழுது"ன்னு சொல்லிட்டு பருப்பு நிறுக்கப் போயிட்டாரு.

அன்னைக்கு ராத்திரி ரொம்ப நேரம் பேனாவ வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் எழுதுனேன், "பிரிண்டிங் பக்கம் ஆள் வராததால நானே லென்ஸ் வச்சு ரெஜிஸ்டர் பாத்தேன், லென்ஸ் ஆடல." இது தெரியாதவங்களுக்கு: நாலு கலரும் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்காந்திருக்கான்னு சின்ன கிராஸ் மார்க்க லென்ஸ்ல பாக்கணும், கை நடுங்குனா நாலு கோடும் எட்டா தெரியும். ரெண்டு வருஷமா காலைல ஒரு கட்டிங் போடாம எனக்கு அந்த லென்ஸ் நிக்காது. அன்னைக்கு நின்னுச்சு, நின்னத கவனிக்காமலே அடுத்த ஷீட்டுக்குப் போயிட்டேன், ராத்திரி எழுதும்போதுதான் தெரியுது. பேனாவ மூடி வச்சிட்டு வாசல்ல போய் கொஞ்ச நேரம் நின்னேன்.

அதுக்கப்புறம் எழுதுனதுல சிலது சொல்றேன். பாப்பா ஸ்கூல் பேக் ஜிப் மாட்டிக்கிச்சு, மெழுகுவர்த்தி தேச்சு சரி பண்ணேன். சாத்தூர் பஸ்ல சில்லறை பாக்கிய கண்டக்டர் மறக்காம கூப்ட்டு குடுத்தாரு. பரோட்டா சால்னாவோட முழு ருசி தெரிஞ்சுச்சு. காலைல பல்லு தேய்க்கும்போது குமட்டல. ஒரு நாள் வெறும், "மழ பேஞ்சது தெரிஞ்சுச்சு" அவ்ளோதான். குடிச்சுட்டுக் கெடந்த காலத்துல மழ பேஞ்சது மறுநாள் ரோட்டப் பாத்துத்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல், இந்த மாதிரி டைரி எல்லாம் சொல்ற ரெண்டாவது பாடம், நன்றிய வாயால சொல்லணுமாம். பக்கத்துக்குக் கீழ "இன்று யாருக்கு நன்றி சொன்னீர்கள்" மாதிரி ஒரு கட்டம். நம்ம வீடுகள்ல யாருங்க பொண்டாட்டிகிட்ட நன்றின்னு சொல்றா. மேடைல சொல்றது, லெட்டர்ல எழுதுறது, கல்யாணப் பத்திரிகைல அடிக்கிறது அது. நான் ஒரு நாள் துணிஞ்சு, காப்பி குடுத்தவகிட்ட "ரொம்ப தேங்க்ஸ்மா"ன்னேன். அவ டம்ளர புடிச்ச கைய எடுக்கல, பக்கத்துல குனிஞ்சு வாய மோந்து பாத்தா. "ஏங்க, உண்மையச் சொல்லுங்க"ன்னா. அவளச் சொல்லிக் குத்தமில்ல, முன்னெல்லாம் நான் பாசமா பேசுனாலே அன்னைக்குப் போட்டிருக்கேன்னு அர்த்தம். அண்ணாச்சிகிட்ட சொன்னா அவரு குலுங்கிக் குலுங்கி சிரிச்சிட்டு, "அந்த டம்ளர கழுவி வைய்யி, அது போதும்"ன்னாரு. இப்ப கழுவி வைக்கிறேன். மொத ரெண்டு வாரம் அவ திரும்பக் கழுவுனா. இப்ப இல்ல.

தங்கச்சி என் பொண்டாட்டிக்கும் ஒரு டைரி அனுப்புனா, பிங்க் கலர்ல. அவ அதுல பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் எழுதுறா, மூடு மூஞ்சில எல்லாம் பால்காரர் வந்தாரா இல்லையான்னு குறிச்சு வச்சிருக்கா. சிரிப்பா இருந்தாலும் அவதான் சரின்னு தோணுது. குடிச்சவன் திருந்துனதுக்கு வீட்டுக்காரங்களும் தினமும் நன்றி எழுதணும்னு எதிர்பாக்குறது டூ மச். அவங்க பட்டது வேற கணக்கு. சென்னைல குடிநோய்க்கு சிகிச்சை குடுக்குற டிடிகே ஆஸ்பத்திரிய 1980ல ஆரம்பிச்ச சாந்தி ரங்கநாதன் அம்மா, குடியாலயே கணவர இழந்தவங்க, அங்க ஆரம்பத்துல இருந்தே குடும்பத்துக்கும் சேத்துத்தான் சிகிச்சைன்னு வச்சாங்க. ஏஏ மாதிரியே குடும்பத்துக்காரங்களுக்கு அல்-அனான்னு தனியா இருக்கு. பிங்க் டைரி அதுக்கு ஈடாகாது.

டைரி மொத பக்கத்துல "அறிவியல் பூர்வமாக நிரூபிக்கப்பட்டது"ங்கிற மாதிரி பெருசா போட்டிருக்கான், என்ன நிரூபிச்சாங்க யாரு நிரூபிச்சாங்கன்னு ஒரு வரி இல்ல. நைட் ஷிப்ட்ல மெஷின் நிக்கும்போது போன்ல தேடுனேன், இங்கிலீஷ் தட்டுத் தடுமாறித்தான், புரியாதத தங்கச்சிகிட்ட கேட்டுக்கிட்டேன். ஆராய்ச்சி இருக்கறது உண்மதான். 2003ல எமன்ஸ், மெக்கல்லோன்னு ரெண்டு பேரு அமெரிக்கால பண்ணது, ஒரு குரூப்ப நன்றியான விஷயத்த எழுதச் சொல்லி, இன்னொரு குரூப்ப எரிச்சலான விஷயத்த எழுதச் சொல்லிப் பாத்தாங்க, நன்றி எழுதுனவங்க கொஞ்சம் நல்லா இருந்தாங்க. ஆனா அதுல மொத பரிசோதனை வாரத்துக்கு ஒரு தடவ எழுதுனது. அப்புறம் லியுபோமிர்ஸ்கின்னு ஒரு அம்மா, வாரம் ஒரு தடவ எழுதுனவங்களுக்குத்தான் பலன், வாரம் மூணு தடவ எழுதுனவங்களுக்கு அந்தளவு இல்லன்னு பாத்திருக்காங்க. என்னோட ரேஷன் கார்டு லிஸ்ட் ஞாபகம் வந்துச்சு. 365 பக்கம் அடிச்சாத்தான 499 வாங்க முடியும், 52 பக்கம் அடிச்சா எவன் குடுப்பான்.

குடிக்குன்னே தனியா பாத்ததும் இருக்கு. ஏமி கிரென்ட்ஸ்மன்னு ஒருத்தங்க 2015ல, குடிக்கு சிகிச்சை எடுக்குற 23 பேர வச்சு, 14 நாள், தினம் மூணு நல்ல விஷயம் எழுதுற பயிற்சி. சின்ன ஆராய்ச்சிதான். எழுதுனவங்களுக்கு கெட்ட மனநிலை கொறஞ்சு, ஒரு நிதானம், அமைதி கூடுச்சாம். துள்ளிக் குதிக்கிற சந்தோஷம்னு இல்ல, அமைதி. இத படிச்சப்ப ஆமான்னு தலையாட்டுனேன், மழ பேஞ்சது தெரிஞ்சுச்சுன்னு எழுதுன அன்னைக்கு எனக்கு இருந்தது அதான். அவங்களே 2017ல இன்னொண்ணு சொல்லிருக்காங்க, அதத்தான் இந்த டைரிக்காரன் அட்டைல போடணும்: சிகிச்சை முடிஞ்சு குடிக்காம இருக்கறவங்களுக்கு நன்றியுணர்வு அதிகமா இருந்தா பின்னாலயும் குடிக்காம இருக்கறது கூடுது, ஆனா இன்னும் அடிக்கடி குடிச்சிக்கிட்டு இருக்கறவங்களுக்கு அது தலைகீழா போகுது. எனக்கு அது நல்லாவே புரியுது. குடிச்ச காலத்துல நான் பெரிய நன்றிக்காரன். "கடவுள் புண்ணியத்துல வேல இருக்கு, வீடு இருக்கு, லிவரும் இன்னும் ஓடுது, என்ன கொற"ன்னு சொல்லிக்கிட்டேதான் அடுத்த குவார்ட்டர ஒடைப்பேன்.

அதனால குடிச்சிக்கிட்டு இருக்கறவங்களுக்கு யாராச்சும் இந்த டைரிய கிஃப்டா வாங்கிக் குடுக்கலாம்னு நெனச்சா வேணாம். மொத வேல டாக்டர். தினமும் நெறைய குடிக்கிறவங்க திடீர்னு வீட்ல நிறுத்துனா வலிப்பு, புத்தி பேதலிக்கிறது எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்து, அதுக்கு மருந்து ஊசி எல்லாம் இருக்கு. 14446ன்னு போதை மீட்புக்கு அரசாங்க ஹெல்ப்லைன், மனசு சரியில்லன்னா 14416, ரெண்டும் இலவசம். நானே மொத ஒரு வாரம் சென்டர்ல பேனா புடிக்கிற நெலமைல இல்ல.

இப்ப இந்த டைரியோட பெரிய கொறைக்கு வர்றேன். தேதி. ஒவ்வொரு பக்கத்துலயும் ஜனவரி 1ல இருந்து அச்சடிச்சிருக்கான். என் கைக்கு வரும்போதே ரெண்டரை மாசம் வெத்துப் பக்கம், சரி அது குடிச்ச காலம்னு விட்டேன். ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் எங்க ஊர்ல அடுத்த வருஷ தினசரி காலண்டர் ஆல்பம் (மாடல் புக்) பூஜை போட்டு வெளியிடுவாங்க, சீசன் ஆரம்பம், ஆர்டர் குடுக்குற பார்ட்டிங்க வருவாங்க, சாயங்காலம் ட்ரீட். பசி, கோவம், தனிமை, அசதி, இந்த நாலுல ஒண்ணு இருந்தாலே சுதாரிச்சுக்கன்னு மீட்டிங்ல சொல்லித் தர்றாங்க, அன்னைக்கு எனக்கு நாலும் இருந்துச்சு. நாலு நாள். விவரிக்கல, சுவாரஸ்யமா ஒண்ணும் இல்ல.

அஞ்சாவது நாள் டைரிய எடுக்குறேன், ஆகஸ்ட் 3, 4, 5, 6. நாலு வெள்ளப் பக்கம், ஒவ்வொண்ணுலயும் தேதி, ஒவ்வொண்ணுலயும் சிரிக்கிற மூஞ்சி. தேதி போடாத நோட்டா இருந்தா அடுத்த வரில 7ன்னு எழுதிட்டுப் போயிருப்பேன். இதுல அந்த நாலு பக்கத்தையும் கையால தள்ளித்தான் அந்தப் பக்கம் போகணும். கிழிச்சிரலாம்னு பாத்தேன், கிழிச்சா ஒட்டுப் பைண்டிங், பக்கத்துத் தாளும் கழண்டு வரும்! மூணு நாள் தொடவே இல்ல. டைரியத் தொடலங்கற குத்த உணர்ச்சிலயே திரும்பக் கடைப்பக்கம் போயிருப்பேன், கொஞ்சம் தப்புனேன். சீசன்ல அப்பப்ப விட்டு விட்டு எழுதுறவனுக்குக் கூட இது தொந்தரவுதான், குடிநோயாளிக்கு இது தொந்தரவோட நிக்காது.

அந்த நாலு நாள்ல ஒரு ராத்திரி என் பொண்டாட்டி சோத்துத் தட்ட இன்னொரு தட்டு வச்சு மூடி, மேல ஒரு டம்ளர் தண்ணியும் வச்சிட்டுப் படுத்திருந்தா. திட்டல. அத டைரில எழுத எத்தன தடவ பேனாவ எடுத்தேன்னு தெரியல. எழுத வரல. நன்றின்னு எழுதப் போனா மன்னிப்புன்னு வருது, கடன்னு வருது. அண்ணாச்சிகிட்ட கேட்டேன், அவரு ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "அத எழுதாத. அது வேற நோட்டு. நம்மளால காயம் பட்டவங்க லிஸ்ட்டு எழுதுற ஸ்டெப் வரும்போது அங்க எழுதிக்கலாம், இப்ப பல்லு தேச்சா குமட்டுதா இல்லையா அத மட்டும் பாரு"ன்னாரு. ஸ்டெப்னா ஏஏல ஒண்ணொண்ணா செய்யுற படி. நன்றி, மன்னிப்பு, இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ல எந்த டைரிலயும் கட்டம் கெடையாது. நன்றின்னு நெனச்சிக்கிட்டு தினமும் மூணு வரி தன்னையே செருப்பால அடிச்சுக்கிட்டவங்க எத்தன பேரு இருப்பாங்களோ.

ஆப் ஒண்ணும் போட்டுப் பாத்தேன், ஃப்ரீ. ராத்திரி ஒம்பதுக்கு "இன்னைக்கு என்ன நல்லது நடந்துச்சு"ன்னு டொய்ங்குன்னு வரும், டாஸ்மாக் கடை பத்து மணிக்குத்தான் மூடுவாங்க, அந்த நேரத்துல போன கைல எடுக்க வைக்கிறதே தப்பு. ஒரு நாள் விட்டா ஸ்ட்ரீக் (விடாம எழுதுன நாள் கணக்கு) போச்சுன்னு அழுகுற பொம்ம. ரெண்டு நாள்ல தூக்கிட்டேன்.

மீட்டிங்குக்கும் ரிவ்யூ கேப்பீங்க. 1935ல அமெரிக்கால அக்ரான்கிற ஊர்ல ரெண்டு குடிநோயாளிங்க உக்காந்து பேசி ஆரம்பிச்சது இப்ப எங்க பக்கம் வரைக்கும் வந்துருக்கு. ஃபீஸ் இல்ல, கடைசில ஒரு பை சுத்தி வரும், இஷ்டப்பட்டா பத்து இருபது போடலாம், வெளிய யாருகிட்டயும் நன்கொடை வாங்க மாட்டாங்க. பேரு ஊரு கேக்க மாட்டாங்க. ஃபேன் சத்தம் ஜாஸ்தி, சில பேரு ஷேரிங்க, அதாவது தன் கதைய, ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாங்க, டீ சுமார்தான். ஆனா நாலு நாள் குடிச்சிட்டுப் போய் நின்னப்ப ஒருத்தரும் எதுவும் கேக்கல, ஒரு சேர இழுத்துப் போட்டாங்க. அன்னைக்கு முடிஞ்சதும் எல்லா சேரையும் நான்தான் மடக்கி அடுக்குனேன், அதுல இருந்து அது என் வேலன்னு ஆயிருச்சு.

டைரிக்கு மார்க் கேட்டா அஞ்சுக்கு ஒண்ணரை. பேப்பருக்கு ஒண்ணு, ரிப்பனுக்கு அரை. வாங்கித்தான் ஆகணும்னா தேதி போடாததா, தைச்சதா பாத்து வாங்குங்க. விரிச்சு நடுவுல பாருங்க, நூல் தெரியணும். இல்லன்னா கடைல ஒரு சாதா நோட்டு போதும்.

நான் செப்டம்பர்ல நானே ஒண்ணு பண்ணிக்கிட்டேன். பேப்பர் வெட்டும்போது விழுந்த மேப்லித்தோ தாள் துண்டு, மொதலாளிகிட்ட கேட்டுத்தான் எடுத்தேன், பதினாறு பக்கமா நாலு ஃபாரம், 64 பக்கம், கையாலயே தையல், மேல மிச்சம் கெடந்த கேலிகோ, அதாவது அட்டை மேல ஒட்டுற துணி. பேண்ட் பாக்கெட்ல போற சைஸ். தேதி இல்ல, நம்பர் இல்ல, மூஞ்சி இல்ல. பக்கத்துக்கு மேல ஒரு வரி, குடிச்சிருந்தா தெரியாமப் போயிருக்கும்னு. கீழ பாதி கடுப்புக்கு, யாரு மேல என்ன எரிச்சல்னு, ஏன்னா அத எழுதாம மேல எழுதுனா பொய்யா வருது எனக்கு. சில நாள் கீழ மட்டும்தான் ரொம்புது. மீட்டிங்ல பாத்துட்டு கேட்டாங்க, பன்னெண்டு தைச்சுக் குடுத்தேன், விக்குறதுக்கு இல்ல, யாரும் இன்பாக்ஸ்ல வராதீங்க, சீசன் டைம், தூங்கவே நேரம் இல்ல.

பழைய டைரில உருப்படியா இருந்த சாட்டின் ரிப்பன மட்டும் வெட்டி என் நோட்டுல ஒட்டிக்கிட்டேன். சின்ன நோட்டு, பாதி ரிப்பன் போதுமா இருந்துச்சு, மீதிய பாப்பா ஜடைக்கு வாங்கிட்டுப் போயிட்டா.